அலாஸ்கா மாநிலத்தின் வரலாறு, நிலவியல், மருத்துவ வசதி ஆகியவற்றைச் சுருக்கமாக விளக்க முடியுமா?

இம்மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் அலாஸ்கா பிடிபடாது என்பது என் கருத்து. அங்குள்ள மருத்துவ அமைப்பை உருவாக்கியதே அந்த நிலமும், அம்மக்கள் பட்ட துயரங்களும்தான்.

அமெரிக்காவின் மிகப் பெரிய மாநிலமான இதன் பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 7.33 லட்சம் மட்டுமே. தலைநகரான ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. விமானத்திலோ கப்பலிலோதான் செல்ல வேண்டும்.

இனூபியாட், யூபிக், டிலிங்கிட் உள்ளிட்ட தொல்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவந்த இம்மண்ணை, ரஷ்யா 1867இல் 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. அம்மக்களை யாரும் கேட்கவில்லை. 1959இல் இது 49ஆவது மாநிலமானது. 1968இல் புரூடோ விரிகுடாவில் எண்ணெய் வளம் கண்டறியப்பட்ட பிறகே, தொல்குடிகளின் நில உரிமைக்கான சட்டம் 1971இல் நிறைவேறியது.

வெளியிலிருந்து வந்த நோய்கள் அவர்களைக் கடுமையாகத் தாக்கின. 1918 நவம்பரில், பிரெவிக் மிஷன் என்னும் கடலோரச் சிற்றூரில் இருந்த 80 பெரியவர்களில் 72 பேர் ஐந்தே நாட்களில் ஃபுளூ காய்ச்சலுக்குப் பலியாயினர். 1925இல் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்து நெனானா வரை ரயிலில் வந்தது. அங்கிருந்து சுமார் 1,085 கிலோமீட்டர் தொலைவை நாய்கள் இழுத்த பனிச்சறுக்கு வண்டிகள் ஐந்தரை நாட்களில் கடந்து அதனைக் கொண்டுசேர்த்தன. அந்த ஓட்டத்தை உலகம் இன்றும் கொண்டாடுகிறது. ஆனால், அதைவிடப் பெரிய சாதனையாக நான் மதிப்பது பிற்பாடு நிகழ்ந்த ஒன்றை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காசநோய் கிராமங்களை வாட்டியபோது, நோயாளிகள் மாத்திரைகளை விடாமல் உட்கொள்வதைக் கவனிக்க உள்ளூர்வாசிகளே நியமிக்கப்பட்டனர். அம்முயற்சி வளர்ந்து, 1968இல் மத்திய அரசின் நிதியுதவியுடன் சமுதாய நலவாழ்வு உதவியாளர் திட்டமாக நிலைபெற்றது. பயிற்சி பெற்ற அந்த உதவியாளர், வகுத்துத் தரப்பட்ட கையேட்டின்படி நோயாளியைப் பரிசோதித்து, தொலைவிலுள்ள மருத்துவருடன் கலந்தாலோசித்துச் சிகிச்சை அளிக்கிறார். தொடக்கத்தில் வானொலித் தொடர்பு வழியே நடந்த இந்த ஆலோசனை, இன்று படங்களையும் பரிசோதனை விவரங்களையும் அனுப்பும் தொலைமருத்துவமாக வளர்ந்துள்ளது. தம் ஊரையும் மொழியையும் அறிந்த ஒருவரே முதலில் வந்து பார்ப்பது நோயாளிக்கு எத்தனை ஆறுதல்!

பெரிய சிகிச்சைகளுக்கு ஆங்கரேஜ் நகரிலுள்ள அலாஸ்கா தொல்குடி மருத்துவ மையம் போன்ற மருத்துவமனைகளுக்கு விமானத்தில்தான் செல்ல வேண்டும். வானிலை மோசமானால் விமானம் புறப்படாது. அதனாலேயே, சிற்றூர்களில் வாழும் கர்ப்பிணிகள் பலர் பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே வீட்டை விட்டு, மருத்துவமனை உள்ள நகருக்குச் சென்று தங்குகின்றனர்.