தாத்தா, அப்பா பீடி பிடித்தால் பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் பரம்பரையாக வருமா?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தாத்தா, அப்பா, இப்போது அண்ணன், மூவரும் பீடி, இது ரத்தத்திலேயே ஊறியதா என்று.

ஓரளவு ஆமாம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, புகையிலையில் உள்ள நிகோடினுக்கு அடிமையாவதில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபணுக்களே காரணம். அதற்காக அண்ணனின் தலையெழுத்தே அதுதான் என்று அர்த்தமில்லை.

முதலில் கல்லீரலைப் பாருங்கள். அங்கே சிஒய்பி2ஏ6 என்ற நொதி நிகோடினைக் கோட்டினின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. சிலருக்கு இந்த வேலை வேகமாக நடக்கும். பீடியை அணைத்த கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் நிகோடின் இறங்கிவிடும், கை மறுபடி பீடிக் கட்டைத் தேடும். இந்த மாற்றம் உடம்பில் மெதுவாக நடக்கும் ஆட்கள் பொதுவாகக் குறைவாகவே பிடிப்பார்கள், விடுவதும் சற்று எளிது. அப்புறம் 15ஆம் குரோமோசோமில் சிஹெச்ஆர்என்ஏ5 மரபணு. மூளையில் நிகோடின் போய் ஒட்டும் ஏற்பியின் ஒரு பகுதியை அதுதான் உருவாக்குகிறது. அதில் ஒரு வகை மாற்றம் உள்ளவர்கள் அதிகம் புகைக்கிறார்கள். 2008இல் வந்த ஆய்வுகள் இதே பகுதியை நுரையீரல் புற்றுநோயோடும் இணைத்தன.

ஆனால் மரபணு பீடியைப் பற்றவைப்பதில்லை. திண்ணையில் முறத்தை மடியில் வைத்து, இலையில் தூளைப் போட்டுச் சுற்றும் ஊரில், பையனுக்கு முதல் பீடி கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. எனக்குப் பெரிய கவலை இதுதான்.

அண்ணன் விட முயன்று முடியாமல் போயிருந்தால், மன உறுதி இல்லாதவர் என்று தயவுசெய்து திட்டாதீர்கள். மரபணுப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்கவும் வேண்டாம். நிகோடின் சூயிங்கம், வரெனிக்ளின் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆலோசனைக்கு 1800 11 2356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது.