அவசர சிகிச்சையில் நோயாளியின் சொல்

அன்புள்ள மருத்துவர் ஐயா,

சென்ற மாதம் ஓர் இரவில் என் தந்தைக்குக் கடும் நெஞ்சுவலி வந்து தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். இசிஜி எடுத்ததும் மாரடைப்பு என்று சொல்லி, என்னிடம் கையெழுத்து வாங்கி, உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நலமாக இருக்கிறார். ஆனால், “நான் நினைவோடுதானே படுத்திருந்தேன், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். உயிர் ஊசலாடும் நேரத்தில் நோயாளியிடம் கலந்து பேசுவது நடக்கிற காரியமா? அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

– ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தையின் கேள்வி நியாயமானது. மருத்துவர்கள் விரைந்து செயல்பட்டதும் சரியே. இதய ரத்தக்குழாய் முற்றிலும் அடைபட்ட மாரடைப்பில் நேரம் கடக்கக் கடக்க இதயத் தசை அழிந்துகொண்டே போகும் என்பதால்தான், நோயாளி வந்து சேர்ந்த 90 நிமிடங்களுக்குள் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்று மருத்துவ நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. ஆனால் இதயநோய் மருத்துவர் வந்து சேரும்வரையிலும், ஆஞ்சியோ அறை தயாராகும்வரையிலும் அந்த நோயாளி ஸ்ட்ரெச்சரில் படுத்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய காலத்தில் நான் அன்றாடம் கண்ட காட்சி இது. செவிலியர் கதவைப் பாதி திறந்து, “பேஷன்ட்கூட யாரு வந்திருக்கீங்க?” என்று குரல் கொடுப்பார். மகனோ மருமகனோ உள்ளே வருவார். அச்சடித்த படிவத்தில் பெருக்கல் குறியிட்ட இடங்களில் அவர் கையெழுத்திட, நோயின் தன்மை, செலவு, ஆபத்து எல்லாம் அவரிடமே விளக்கப்படும். எட்டடி தூரத்தில் படுத்திருப்பவர் தலையைத் திருப்பி, அந்தப் பேச்சில் தன் காதில் விழுகிற சொற்களைக் கோத்துத் தனக்கு என்ன ஆகப்போகிறது என்று ஊகிக்க முயல்வார். அவரிடம் யாராவது பேசினால், அது “ஒண்ணும் இல்ல பெரியவரே, பயப்படாதீங்க” என்பதாகவே இருக்கும்.

நோயாளிகள் உண்மையில் என்ன விரும்புகிறார்கள் என்பதை 1989இல் அமெரிக்காவில் 312 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். முடிவெடுக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் மருத்துவரிடமே விட்டுவிட அவர்கள் விரும்பினார்கள். நோய் கடுமையாக ஆக அந்த விருப்பம் இன்னும் கூடியது. ஆனால் தங்களுக்கு என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்ள அவர்கள் மிகவும் விரும்பினார்கள். அந்த ஆய்வு அவசர நோயாளிகளைப் பற்றியது அன்று என்றாலும், என் அனுபவம் அதனோடு ஒத்துப்போகிறது. உங்கள் தந்தையும் ஸ்டென்ட் வேண்டாம் என்று மறுத்திருக்கப் போவதில்லை. தன் இதயத்துக்குள் கம்பி செலுத்தப் போகிறார்கள் என்பதைத் தன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றே அவர் கேட்கிறார். அதற்கு அரை நிமிடம் போதும்.

அவசரம் என்று வருகிற எல்லாமே இவ்வளவு அவசரமும் இல்லை. நெஞ்சுவலியோடு வந்து, இசிஜியும் முதல் ரத்தப் பரிசோதனையும் இயல்பாக இருக்கும் நோயாளியை வார்டில் வைத்துக் கண்காணிப்பதா, வீட்டுக்கு அனுப்பிச் சில நாளில் வரச் சொல்வதா என்பதில் அவருக்கு உண்மையாகவே தேர்வு இருக்கிறது. அமெரிக்காவில் 6 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இத்தகைய 898 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாராருக்கு நூறு மனித உருவங்கள் வரைந்த தாளைக் காட்டி, இவர்களைப் போன்ற நூறு பேரில் 45 நாளுக்குள் எத்தனை பேருக்கு மாரடைப்பு வரக்கூடும் என்று விளக்கி, முடிவைச் சேர்ந்து எடுத்தார்கள். தாளைப் பார்த்தவர்களில் 37 விழுக்காட்டினரே மேற்கொண்டு சோதனைக்காகத் தங்கினார்கள். வழக்கமான முறையில் நடத்தப்பட்டவர்களில் அது 52 விழுக்காடு. கலந்து பேசியதால் நோயாளிகளுக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. குடல்வால் அழற்சியிலும் சிக்கல் இல்லாதவர்களுக்கு அறுவை சிகிச்சை, ஆன்டிபயாட்டிக் என்று இரு வழிகள் உண்டு. 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மருந்து தரப்பட்டவர்களில் பத்துக்கு மூவருக்கு 90 நாளுக்குள் அறுவை செய்ய நேர்ந்தது. அந்த மூன்றையும் மீதி ஏழையும் எடைபோட வேண்டியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவர்தான்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. நினைவிழந்து வந்தவரின் உயிரைக் காக்க யார் கையெழுத்தும் இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கலாம். ஆனால் மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, அவருடைய தாயின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கருப்பையை அகற்றிய ஒரு வழக்கில், உயிராபத்து இல்லாத நிலையில் அந்தச் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்தவருக்காக உறவினர் கையெழுத்திடும் நம் வழக்கம், சட்டத்தைவிடக் குடும்பத்தின் மீதுள்ள நம்பிக்கையிலும், பின்னால் தகராறு செய்யக்கூடியவர்கள் உறவினர்களே என்ற அச்சத்திலும் வேரூன்றியது என்று நினைக்கிறேன். பில் கட்டுபவரே ஒப்புதலும் தருபவர் என்றாகிவிட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்கள் தந்தைக்குச் சமாதானம் சொல்ல முயல வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு அடுத்த பரிசோதனைக்கு அவரையே முன்னால் உட்கார வைத்து, எந்தக் குழாயில் அடைப்பு இருந்தது, ஏன் அன்றிரவே திறக்க வேண்டியிருந்தது, ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் ஏன் நிறுத்தக் கூடாது என்பதையெல்லாம் மருத்துவர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். தானே பேச முடியாத நிலை மறுபடி வந்தால் தன் சார்பில் யார் பேச வேண்டும், எதுவரை சிகிச்சை வேண்டும் என்பதை அவர் இப்போதே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் நடைமுறையை எளிமையாக்கிய முன்விருப்ப ஆவணத்துக்கு இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்றும் போதும். அதில் உங்கள் பெயரைத்தான் அவர் எழுதுவார் என்று நீங்களாக முடிவுசெய்துகொள்ளாமல், அவரிடமே கேளுங்கள்.