பரணுக்குப் போன பொம்மைகள்

கேள்வி: நான்கு வயது மகள் இரண்டாம் மொழி கற்பதற்காக ஆறு மாதமாக மழலையர் பள்ளிக்குப் போகிறாள். அங்கே விளையாட்டுதான் நடக்கிறது. நான் கேட்டால் அந்த மொழியில் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. கைபேசியில் பாடக் காணொளிகள் காட்டுகிறேன். மாலையில் பொம்மைகளோடு அந்த மொழியில் ஏதோ உளறிக்கொண்டே இருப்பதால், பொம்மைகளைப் பரணில் போட்டுவிட்டேன். பள்ளியை மாற்றலாமா?

பதில்: வேண்டாம். முதலில் பொம்மைகளைக் கீழே இறக்குங்கள்.

ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த மூச்சிலேயே பேசிக்கொண்டே இருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் பேசுவதில்லை என்பதே உண்மை. நீங்கள் உளறல் என்று தள்ளியதுதான் ஆறு மாதப் படிப்பின் விளைச்சல்; அதைப் பரணில் ஏற்றியது பெரிய தவறு.

புது மொழிக்குள் நுழையும் பிள்ளை சில மாதங்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதுண்டு. கடை வைத்து விளையாடும்போது "எனக்கு ஒன்று கொடு", "இப்போது என் முறை" என்ற அதே சொற்கள் பத்து முறை காதில் விழுகின்றன. கையை நீட்டிச் சொன்னதும் பொருள் கைக்கு வந்துவிடுவதால், சொல்லின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியிருப்பதில்லை. பொம்மையிடம் அதையே திரும்பச் சொல்லும்போது அவளே ஆசிரியை. தப்பாகச் சொன்னாலும் முகம் சுளிக்க அங்கே ஆள் இல்லை.

காணொளியை நம்பாதீர்கள். குழந்தைகள் மொழி கற்கும் விதத்தை ஆராயும் அமெரிக்க அறிஞர் பட்ரீசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் 12 முறை, ஒவ்வொரு முறையும் 25 நிமிடம் உட்கார்ந்து விளையாடிக் கதை வாசித்தார்கள். அந்தக் குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்களைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு அது பிடிபடவில்லை. உங்கள் மகள் அவர்களைவிடப் பெரியவள்தான் என்றாலும், அவளுக்கும் முகம் பார்த்துப் பேச ஆள் வேண்டும்.

பெற்ற தாய் வீட்டில் தேர்வாளராக உட்காரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பள்ளி ஒரு மொழியைக் கொடுக்கிறது. வீட்டு மொழியில் வாய் ஓயாமல் பேசிக் கதை சொல்லி வளர்ப்பது உங்கள் கடமை, அதை வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

இன்று மாலையே என்னையும் சேர்த்துக்கொள்வாயா என்று அவளிடம் கேளுங்கள். அந்த மொழியில் "உட்கார்" என்று அவள் சொன்னால், பொம்மை வரிசையின் கடைசியில் உட்காருங்கள். உச்சரிப்பைத் திருத்தாதீர்கள்.