எழுத உட்கார்ந்ததும் கை போனைத் தேடுகிறதே!

கேள்வி: சிறுகதை எழுதிப் பழகுகிறேன். நாலு வரி எழுதியதும் ஒரு சின்ன விவரத்தைச் சரிபார்க்கலாமே என்று கூகுளைத் திறக்கிறேன். அங்கிருந்து யூடியூப், அப்புறம் வாட்ஸ்அப். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால் கதை ஆறிப்போய்க் கிடக்கிறது. எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில்: மன உறுதியை விடுங்கள். நாளைக்கு எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள், சரியாக எந்த இடத்தில் கூகுளைத் திறக்கிறீர்கள்? வாக்கியம் தானாக ஓடிவரும்போது யாரும் எழுந்து போவதில்லை. கதையில் வருகிறவர் அடுத்து என்ன பேசுவார் என்று தெரியாமல் முட்டி நிற்கிறோமே, அங்கேதான் 'அந்தக் காலத்தில் இந்த ரயில் ஓடியதா' என்ற சந்தேகம் திடீரென்று முளைக்கும். விவரம் தேவைதான். ஆனால் அந்த நிமிஷமே தேவையா என்றால் இல்லை. முட்டி நின்ற இடத்தில் இரண்டு மூன்று நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கப் பழகுங்கள், சலிப்பாகத்தான் இருக்கும், வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமைதான், ஆனால் அடுத்த வரி பெரும்பாலும் அந்தச் சலிப்புக்குப் பின்னால்தான் வருகிறது என்பது எனக்கே பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

முன்பெல்லாம் இணையப் பக்கம் ஓரிடத்தில் முடியும், 'அடுத்த பக்கம்' என்று அழுத்தினால்தான் மேலே போகலாம். போதும், எழுந்திருக்கலாம் என்று தோன்ற அந்த ஒரு இடம் இருந்தது. 2006-இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருட்ட உருட்ட முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்கத்தை உருவாக்கினார். பிற்பாடு அதற்காக அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். நிறுத்துகிற இடத்தையே எடுத்துவிட்ட ஒன்றுக்குள் போய்விட்டு, நேரத்துக்குத் திரும்ப முடியவில்லையே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வது நியாயமில்லை.

கதை ஆறிப்போகிறது என்கிறீர்களே, அதற்கும் காரணம் உண்டு. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். பாதி படித்து, பதில் போடாமல் விட்டுவிட்டு வந்த வாட்ஸ்அப் செய்தி அப்படிப்பட்டதுதான். நீங்கள் கதைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள், மனசில் ஒரு துண்டு அங்கேயே பதில் தேடிக்கொண்டிருக்கும். அதனால் காலையில் எழுதுகிறவராக இருந்தால் எழுதி முடிக்கும்வரை செய்திகளைத் திறக்கவே திறக்காதீர்கள், ஒரே ஒரு தடவைகூட. முடிந்தால் முதல் வரைவைத் தாளில் எழுதிப் பாருங்கள். தாளில் எங்கேயும் தாவ வழியில்லை.

கேள்வி: நான் எழுதுவது கட்டுரை. தேதி, பெயர், புள்ளிவிவரம் எல்லாம் வேண்டும். இணையத்தை அணைத்துவிட்டு எப்படி எழுதுவது?

பதில்: தேடுகிற நேரத்தையும் எழுதுகிற நேரத்தையும் பிரித்து வையுங்கள். ஆங்கிலப் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு, தெரியாத விவரம் வரும் இடத்தில் 'டி', 'கே' (TK) என்ற இரண்டு எழுத்துகளைப் போட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டே போவார்கள். அந்த இரண்டும் அடுத்தடுத்து வரும் ஆங்கிலச் சொற்கள் மிகக் குறைவு, ஆகவே கடைசியில் தேடினால் விட்டுப்போன இடங்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். நமக்கு இன்னும் வசதி, 'ஙஙங' என்று போட்டுக்கொள்ளலாம், தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. 'இவர் ஙஙங-ஆம் ஆண்டு பிறந்தார்' என்று எழுதிவிட்டு நகருங்கள். வரைவு முடிந்த பிறகு எல்லா ஙஙங-வையும் ஒரே மூச்சில் நிரப்பலாம். ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன், அப்படி நிரப்ப வரும்போது அவற்றில் சில விவரங்கள் கட்டுரைக்குத் தேவையே இல்லை என்று தெரியும். உடனே தேடியிருந்தால், தேடிவிட்டோமே என்பதற்காகவே அவற்றை உள்ளே திணித்திருப்போம்.

கேள்வி: தளங்களை முடக்கும் செயலிகள் உதவுமா? வீட்டில் உடம்பு சரியில்லாத அம்மா இருக்கிறார், போனை அணைத்து வைக்க எனக்கு பயம்.

பதில்: செயலிகள் உதவும். 'ஃப்ரீடம்', 'கோல்ட் டர்க்கி' போன்றவை நீங்கள் குறித்த நேரம்வரை குறித்த தளங்களைத் திறக்கவிடாது.

போனை அணைக்கவே வேண்டாம். 'டூ நாட் டிஸ்டர்ப்' அமைப்பில் அம்மாவின் எண்ணையும் அவர் பக்கத்தில் இருப்பவர்களின் எண்ணையும் விலக்காகச் சேர்த்துவிடுங்கள், அவர்கள் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும். வேறு எண்ணிலிருந்து அவசரம் வந்தால் என்ன செய்வது என்றால் அதற்கும் வழி இருக்கிறது, அதே அமைப்பில், ஒரே எண்ணிலிருந்து இரண்டாவது முறை உடனே அழைத்தால் மணி அடிக்கும்படி வைக்கலாம். ஐபோனில் 3 நிமிஷத்துக்குள், ஆண்ட்ராய்டில் 15 நிமிஷத்துக்குள் மறுபடி அழைக்க வேண்டும். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், ஒரு தடவை அழைக்கச் சொல்லிச் சோதித்தும் பாருங்கள். சத்தத்தைக் கூட்டி, போனைப் பக்கத்து அறையில், மணி கேட்கிற தூரத்தில் வைத்துவிட்டு வந்து எழுதுங்கள்.