டீ வடிகட்டியும் ஒரு டாக்டரும்

கேள்வி: போன இதழில் வால்ட் பிளாக்கடார் என்ற பெயரைச் சொல்லிவிட்டு நழுவிவிட்டீர்கள். யார் அவர்? கயாக் ஓட்டுகிறவர்கள் அவரை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?
– ஒரு வாசகி, சைதாப்பேட்டை

பதில்: அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்துச் சால்மன் என்ற சின்ன ஊரின் டாக்டர். நாற்பதைத் தாண்டித்தான் கயாக்கில், அதாவது இருபக்கத் துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகில், உட்கார்ந்தார். நேர்த்தி சுமார், தோள் பலமும் பிடிவாதமும் ஏராளம். 1971 ஆகஸ்டில், 49 வயதில், கனடாவிலிருந்து அலாஸ்காவுக்குப் பாயும், பனிக்கட்டி மிதக்கும் அல்செக் ஆற்றில் தனியாக இறங்கி, டர்ன்பேக் பள்ளத்தாக்கைக் கடந்தார். பெயரே ‘திரும்பிப் போ’ என்கிறது, மனுஷன் கேட்கவில்லை. பிழைத்து வந்து பத்திரிகையில் எழுதினார். ‘அங்கெல்லாம் ஆகாது’ என்று ஒதுக்கிய பெரிய ஆறுகள் மீது மற்றவர்களுக்கும் ஆசை வந்தது.

எனக்கு அவர் நினைவுக்கு வருவது வேறொரு ஆற்றால். 1978 மே மாதம், ஐடஹோவிலேயே உள்ள பயட் ஆற்றின் தென்கிளை. அல்செக்கின் முன் அது சின்ன ஆறுதான். நீரில் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் படகோடு சிக்கி இறந்தார். வயது 55.

அப்படிக் கிடக்கும் மரத்தை அந்த ஊர்க் கயாக்காரர்கள் வடிகட்டி என்கிறார்கள். டீ வடிகட்டியேதான். தண்ணீர் போய்விடும், தூள் நின்றுவிடும். தூள் நாம்.

கோவளம் முகத்துவாரத்தில் நான் கயாக் பழகப் போனபோது வயது 46. முதல் நாளே கவிழ்ந்தேன். சொல்லிக்கொடுத்த மீனவத் தம்பி கைதூக்கி ஏற்றிவிட்டுச் சொன்னான்: “பாறைய வுடுங்கண்ணே. தண்ணி பூந்து போற முள்ளு, கெளை இருக்குல்ல, அதுக்குப் பயப்படுங்க.” பிளாக்கடார் பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. டாக்டர் உயிரைக் கொடுத்துச் சொன்ன பாடம், இவனுக்கு அப்பன் சொல்லி வந்தது.

நீங்கள் சைதாப்பேட்டை. பெருமழைக்கு மறுநாள் மறைமலையடிகள் பாலத்திலிருந்து அடையாற்றை எட்டிப் பாருங்கள். தூணில் கிளையும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தால் அதுவும் வடிகட்டிதான். 2015 வெள்ளத்தில் படகோடு ஊருக்குள் வந்த மீனவர்கள் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் துடுப்பு போட்டிருப்பார்கள்.

கேள்வி: ரோயிங்கும் கயாக்கும் ஒன்றா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: இல்லை. அடையாற்றங்கரையில், 1867ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பில் நடப்பது ரோயிங். போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். கயாக்கில் முகம் முன்னால். வருவது தெரியும், அதனால் பயமும் முன்கூட்டியே வந்துவிடும்.