பலகையும் பிழைப்பும்: வாசகர் கேள்வி–பதில்

ஒன்பதாவது படிக்கும் மகன், நான்கு சக்கரம் பூட்டிய பலகையில் தெருவில் வித்தை காட்டும் ‘ஸ்ட்ரீட் ஸ்கேட்போர்டிங்தான் என் தொழில்’ என்கிறான். இதில் சோறு கிடைக்குமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

கிடைக்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் அல்ல. கோப்பையும் பரிசுப் பணமும் இத்தொழிலில் ஓரமாக வருபவை. அமெரிக்காவில் கடையோ கம்பெனியோ முதலில் பலகை, சக்கரம் என்று இலவசமாகச் சரக்கு கொடுக்கும். அடுத்தது ‘அமெச்சூர்’ அணி. பையனின் பெயர் போட்ட பலகையைக் கம்பெனி விற்பனைக்கு விட்ட அன்றுதான் அவன் ‘ப்ரோ’, அதாவது தொழில்முறை வீரன். விற்கும் பலகைக்கு ஒரு பங்கு கிடைக்கும் என்றாலும், பெரிய பணம் ஷூ ஒப்பந்தத்தில்தான்.

இதையெல்லாம் தீர்மானிப்பது வீடியோ. நிஜப் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்ணை விளிம்பு என்று தேடிப் போய்ப் படம்பிடித்த மூன்று நான்கு நிமிடத் தொகுப்பு. அதில் ஐந்து விநாடி வரும் ஒரு வித்தைக்கு நாள் முழுக்க விழ வேண்டியிருக்கும். கணுக்கால் போனால் படப்பிடிப்பும் நின்றுவிடும்.

ஒலிம்பிக் வேறு கணக்கு: 45 விநாடி ஓட்டம் இரண்டு, தனி வித்தை ஐந்து. 2021-இல் டோக்கியோவில் பெண்கள் தங்கம் வென்ற மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. ஆண்கள் தங்கத்தை அங்கேயும் 2024 பாரிஸிலும் யூட்டோ ஹோரிகோமே எடுத்தார். அந்தப் பாதைக்கு இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் கீழுள்ள மாநிலச் சங்கத்தில் விசாரியுங்கள். தன் பெயர் போட்ட பலகையை நம்பி இங்கே குடும்பம் நடத்த முடியாது. பயிற்சி வகுப்பு, கேமரா வேலை கைகொடுக்கும். பத்தாவதை மட்டும் பாதியில் விட அனுமதிக்காதீர்கள்.

இரண்டே மாதத்தில் சக்கரம் கரகரவென்று இறுகிவிடுகிறது. ஏன்?
– வாசகர், காசிமேடு

உப்புக் காற்றும் மணலும்தான். சக்கரத்துக்கு இரண்டாக மொத்தம் எட்டு பேரிங். ரப்பர் மூடியைக் குண்டூசியால் நெம்பி எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காய்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுக்காகி மணலை இழுக்கும். கெட்டி கிரீஸ் வேகத்தைக் கொல்லும். துரு பிடித்திருந்தால் கழுவிப் பயனில்லை. பாரிமுனைப் பக்கம் பேரிங் கடையில் ‘608, ரப்பர் சீல்’ என்று கேளுங்கள்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். மாட்டும்போது நட்டை முழுக்க முறுக்காதீர்கள், சக்கரம் இம்மியளவு ஆட வேண்டும். மழையில் நனைந்த பலகையின் ஒட்டுப் படலங்கள் பிரிந்துவிடும்; பிறகு அது துள்ளாது.

ஆலி (கையால் பிடிக்காமல் பலகையோடு துள்ளும் வித்தை) அடித்தால் பலகை என்னோடு எழும்புவதே இல்லை.
– மாணவர், வியாசர்பாடி

பின்கால், பலகையின் வாலை (பின் முனையை) தரையில் அழுத்திக்கொண்டே இருந்தால் பலகை எங்கே எழும்பும்? கணுக்காலால் ‘டக்’கென்று தட்டிய அதே நொடியில் அந்தக் காலும் மேலே வர வேண்டும். முன்கால், முன் போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னால். பலகையின் மூக்கு (முன் முனை) நிமிரும்போது ஷூவின் வெளி ஓரம், பலகை மேல் ஒட்டிய சொரசொரப்பான கிரிப் டேப்பை உரசியபடி முன்னே போகட்டும். அந்த உரசல்தான் பலகையை மட்டமாக்கும். குனிந்து காலைப் பார்த்தால் தோள் திரும்பும், பலகையும் கூடவே திரும்பும்.

எண்ணூர் ரோட்டில் ஓட்டலாமா? பைக் ஹெல்மெட் போதுமா?
– வாசகர், திருவொற்றியூர்

கன்டெய்னர் லாரி போகும் ரோட்டில் வேண்டவே வேண்டாம். 52 மி.மீ., 99ஏ (‘ஏ’ கடினத்தின் அளவு; எண் கூடினால் கெட்டி) கடினச் சக்கரம் ஒரு ஜல்லிக்கே சடக்கென்று நிற்கும். நீங்கள் நிற்க மாட்டீர்கள். தெருவுக்குள் போய்வர 58 மி.மீ., 78ஏ மென்சக்கரம் போடுங்கள். முகம் மூடிய பைக் ஹெல்மெட் கனம், காதும் அடைக்கும். பின்மண்டையை மறைக்கும் ஸ்கேட் ஹெல்மெட்டே சரி.