ஓடாத லொறிக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்?

கேள்வி: எனக்கு வயது 34. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் சிறிய லொறியை ஆறு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். கடந்த ஆண்டு கனரக லொறி ஓட்டுவதற்கான அனுமதியும் எடுத்துவிட்டேன். இப்போது இரண்டு நிறுவனங்கள் அழைக்கின்றன. ஒன்று துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றும் நிறுவனம். மாதச் சம்பளம் கிடையாது, நடைக்கு 3,000 ரூபாய். "ஒன்றரை இலட்சம் சுலபமாக எடுக்கலாம்" என்கிறார்கள். மற்றது வவுனியா, யாழ்ப்பாணம் கடைகளுக்குப் பொருள் கொண்டுபோகும் நிறுவனம். அடிப்படைச் சம்பளம் 65,000 ரூபாய், வெளியில் இரவு தங்கினால் படி. நான் முதலாவதை நினைக்கிறேன், மனைவி இரண்டாவதைச் சொல்கிறார். எதை வைத்து முடிவெடுப்பது?
— மட்டக்குளி வாசகர்

பதில்: முதலில் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். அதில் 'சீ' வகுப்பு மட்டும் இருந்தால் கனரக லொறி ஓட்டலாம். இழுவை வாகனத்தின் பின்னால் டிரெய்லரைப் பூட்டி ஓட்ட முடியாது. அதற்கு 'சீ.ஈ.' வகுப்பு வேண்டும். "பரவாயில்லை, துறைமுகத்துக்குள் யாரும் பார்ப்பதில்லை" என்று ஒரு நிறுவனம் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு எழுந்து வாருங்கள். விபத்து என்று வந்துவிட்டால் பொலிஸாரும் காப்புறுதி நிறுவனமும் முதலில் புரட்டுவது அந்தப் பின்பக்கத்தைத்தான்.

வகுப்பு சரி என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். நடைக்கு 3,000 என்றால் ஒன்றரை இலட்சத்துக்கு ஐம்பது நடை ஓட வேண்டும். மாதம் 25 நாள் வேலை என்றால் நாளுக்கு இரண்டு நடை. ஒரு கொள்கலனின் ஒரு நடையை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். துறைமுக வாசலில் வரிசை. உள்ளே ஏற்றிய பிறகு, சுங்கப் பரிசோதனை உண்டென்றால் ஒருகொடவத்தைப் பக்கம் இன்னொரு வரிசை. அங்கிருந்து பியகமவோ சீதாவக்கவோ போய்ச் சேர்ந்தால் தொழிற்சாலையில் இறக்க ஆள் இல்லை, சாப்பாட்டு நேரம், களஞ்சியப் பொறுப்பாளர் இன்னும் வரவில்லை. இறக்கிய வெற்றுக் கொள்கலனைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் இடத்தில் மறுபடி வரிசை. சக்கரம் சுழல்வது சில மணி நேரம், மிச்சமெல்லாம் காத்திருப்பு. 2025 தொடக்கத்தில் துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கியபோது சாரதிகள் கெபினுக்குள்ளேயே படுத்து எழுந்தார்கள். வீட்டிலிருந்து கட்டிவந்த சோறு முதல் நாளோடு முடிந்துபோகும், குளிக்க இடமில்லை, கால் நீட்ட ஆசனம் போதாது, அலைபேசிக்கு மின்னேற்றுவதே ஒரு வேலை. அந்த நாட்களில் நடைக் காசை நம்பியிருந்தவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எனவே அந்த நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, லொறி நிற்கும் நேரத்துக்கு எனக்கு என்ன தருவீர்கள் என்பதுதான். கொள்கலன் தாமதமானால் போக்குவரத்து நிறுவனங்கள் சரக்கின் சொந்தக்காரரிடம் காத்திருப்புக் கட்டணம் வாங்குவது இந்தத் தொழிலின் வழமை. உங்கள் நேரத்தைக் காட்டி வாங்கும் அந்தப் பணத்தில் உங்களுக்குப் பங்கு உண்டா? எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, எவ்வளவு? தெளிவாகச் சொல்லி எழுதியும் தருகிறார்கள் என்றால் அது மதிக்கத்தக்க இடம். "அதெல்லாம் பார்த்துச் செய்வோம்" என்றால் ஒன்றும் செய்யமாட்டார்கள்.

இதை நேர்முகத்தில் மட்டும் கேட்டால் போதாது. அவர்களுடைய லொறிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருக்கும். மாலையில் இரண்டு மூன்று நாள் அங்கே போய் உட்காருங்கள். உள்ளே வேலை செய்யும் சாரதிகளிடம் "நல்ல கம்பெனியா?" என்று கேட்காதீர்கள், "பரவாயில்லை" என்பதற்கு மேல் பதில் வராது. "இங்கே வந்து எத்தனை வருடம்?" என்று கேளுங்கள். "உங்களுக்கு முன்னால் இந்த லொறியை ஓட்டியவர் ஏன் போனார்?" என்று கேளுங்கள். "போன வருடத்தில் மிகவும் குறைவாக எடுத்த மாதம் எது, அதில் எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். அந்த மோசமான மாதத்தின் தொகையில் உங்கள் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் செலவும் அடங்குமா என்று பார்த்தால் ஒன்றரை இலட்சத்தின் உண்மை தெரிந்துவிடும். பத்துப் பேரில் ஏழு பேர் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால், விசாரிக்க வேறு எதுவும் தேவையில்லை.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. "நடைக் காசு வாங்குபவருக்கு அது கிடையாது" என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அது பிழை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, தற்காலிகமாக வேலை செய்பவருக்கும், செய்த வேலையின் அளவுக்கு ஏற்பக் கூலி வாங்குபவருக்கும் முதல் நாளிலிருந்தே அந்த உரிமை உண்டு. உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதத்தை முதலாளி மட்டும் செலுத்த வேண்டும். அதை உங்கள் கையிலிருந்து கழிக்கக் கூடாது.

இதைவிட நுணுக்கமான ஏமாற்று ஒன்று இருக்கிறது. சாரதி மாதம் 1,20,000 உழைப்பார். ஏட்டில் அடிப்படைச் சம்பளம் 30,000 என்று இருக்கும். 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அதுதான் என்பதால் வெளிப்பார்வைக்குக் குறை தெரியாது. மீதித் தொகைக்கு "ஊக்கக் கொடுப்பனவு" என்று பெயர் வைத்துவிடுவார்கள். 30,000க்கு 20 வீதம் 6,000 ரூபாய். 1,20,000க்கு 24,000 ரூபாய். மாதம் 18,000 ரூபாய் உங்கள் முதுமைக் கணக்கில் விழாமல் போகிறது. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது என்பது உண்மை. ஆனால் நடைக் காசு கூலிதான், எந்தப் பெயரில் எழுதினாலும். ஆகவே சம்பளச் சிட்டை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பெயரை மறைத்துக் காட்டினாலும் போதும். சேர்ந்த பிறகு உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி, மூன்று மாதம் கழித்துப் பணம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். வேலையை விட்ட பிறகுதான் செய்ய வேண்டும் என்றில்லை.

இனி லொறி. உங்களுக்குத் தரப்போகும் வண்டியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் சுற்றி நடந்து பாருங்கள். சக்கர நட்டுகளிலிருந்து வெளிப்பக்கமாகத் துரு கோடு கோடாக வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்து ஆடுகிறது என்று பொருள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். தரையில் படும் கட்டை தேயாமல் நன்றாக இருந்தாலும் முன் சக்கரத்தில் அவ்வளவு பழைய டயர் வேண்டாம். கொள்கலனின் நான்கு மூலையையும் டிரெய்லரோடு பிணைக்கும் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஒன்று இறுகிப்போய்க் கம்பியால் கட்டியிருந்தால்கூட, வளைவில் கொள்கலன் சரிந்து பக்கத்தில் வருபவர் மேல் விழலாம். பிறகு ஏறி உட்கார்ந்து, காற்றழுத்தம் நிரம்பியதும் இயந்திரத்தை நிறுத்தி, பிரேக்கை ஒரு நிமிடம் மிதித்தபடி காற்றழுத்தத்தைக் காட்டும் ஊசியைக் கவனியுங்கள். கண் முன்னாலேயே அது இறங்கிக்கொண்டே போனால் எங்கோ காற்றுக் கசிகிறது. குறையைச் சொல்லிப் பாருங்கள். பணிமனைக்கு அனுப்புகிறார்களா, "முந்தின ஆள் ஓட்டினானே" என்கிறார்களா என்பதில் அந்த நிறுவனத்தின் குணம் முழுவதும் இருக்கிறது.

எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் இப்படித்தான் பிரேக் குறையைச் சொல்லிக்கொண்டே ஓட்டியவர். ஒரு இரவில் முச்சக்கர வண்டி ஒன்றில் மோதிவிட்டார். நிறுவனத்திலிருந்து ஆள் வந்தது உண்மை. பொலிஸ் நிலையத்துக்கு வெளியே நின்று லொறியிலிருந்த சரக்கை இன்னொரு லொறிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருந்த மனிதனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்க அவருடைய மனைவி காலையில் வளையலைக் கழற்றி அடகுக் கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். ஆகையால் எந்தச் சாரதி கேட்டாலும் இதைச் சொல்கிறேன்: கடைசியாக உங்கள் சாரதி ஒருவர் விபத்தில் சிக்கியபோது பிணை எடுத்தது யார், நீதிமன்றச் செலவு யாருடையது என்று நேர்முகத்தில் கேளுங்கள். வாகனத்துக்கு முழுக் காப்புறுதியா, மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமா என்றும் கேளுங்கள். மூன்றாம் தரப்பு மட்டும் என்றால் லொறிக்கு வரும் சேதத்தை உங்கள் சம்பளத்தில் பிடிக்கப் பார்ப்பார்கள். சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர வேறு எதையும் கூலியில் பிடிக்க முடியாது என்பதை நினைவில் வைத்திருங்கள். வேலையின்போது உங்களுக்குக் காயம் ஏற்பட்டால் நட்டஈடு தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் சட்டம் அது.

இரண்டாவது நிறுவனத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். அங்கே இரண்டு விடயம். பகல் முழுவதும் சரக்கு ஏற்றும்போது நின்ற அதே ஆளை இரவில் வவுனியாவுக்கு ஓட்டச் சொல்கிறார்களா? ஏ9 வீதியில் நள்ளிரவுக்குப் பின் மாடுகள் படுத்திருக்கும். தூக்கக் கண்ணுக்கு அவை தெரியாது. மற்றது, கடைகளில் பணம் வசூலிப்பதும் சரக்கு எண்ணிக் கொடுப்பதும் உங்கள் தலையில் விழுமா என்பது. விழுமென்றால் பெட்டி குறைந்தால் யார் பொறுப்பு? ஏற்றும்போது உங்கள் முன்னால் எண்ணி, களஞ்சியத்திலும் கையெழுத்து வைத்து, பிரதி ஒன்று உங்கள் கையில் தருகிறார்களா? இதைச் செய்யாத இடத்தில் 65,000 என்பது 65,000 அல்ல.

என் கருத்தைக் கேட்டால், இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் வருமானால் உங்கள் மனைவி சொல்வது சரி. கொள்கலன் நிறுவனம் காத்திருப்புக்கு எழுத்தில் பணம் தந்து, முழு நடைக் காசுக்கும் சேமலாப நிதி கட்டினால் மட்டும் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. இப்போதைய கடையில் ஆறு ஆண்டு முடித்துவிட்டீர்கள். அங்கே 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிறார்கள் என்றால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நீங்களாக விலகினாலும் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. ஆறு ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளம். விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். விலகல் கடிதத்தைத் திகதியிட்டுக் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: லொறியைத் தவணைக்கு எனக்கே தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. நடைக் காசில் மாதாமாதம் கழித்து நான்கு ஆண்டில் லொறி எனக்குச் சொந்தமாகுமாம். நல்ல யோசனையா?
— வத்தளை வாசகர்

பதில்: பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கும் என்று கேளுங்கள். உங்கள் பெயர் பதிவு உரிமையாளராகவும், நிதி நிறுவனம் முழு உரிமையாளராகவும் இருந்தால் அது உண்மையான குத்தகை. கட்டி முடித்ததும் மாறும். இரண்டு இடத்திலும் போக்குவரத்து நிறுவனமே இருந்தால் நீங்கள் கட்டுவது வெறும் வாடகை. மூன்றாம் ஆண்டில் நடை தருவதை நிறுத்திவிட்டால் தவணை கட்ட வழியிருக்காது, லொறியும் போகும், கட்டியதும் போகும். நடை கொடுப்பதும் தவணை வாங்குவதும் ஒரே கையாக இருக்கும் ஒப்பந்தத்தில் மாதம் குறைந்தது இத்தனை நடை என்ற உறுதி எழுத்தில் இல்லையென்றால் வேண்டாம். டயர், திருத்த வேலை, காப்புறுதி யாருடைய செலவு என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

கேள்வி: வேலையில் சேர 50,000 ரூபாய் பிணைப்பணமும் அடையாள அட்டையின் மூலப்பிரதியும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— கிராண்ட்பாஸ் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். பிரதி கேட்டால் பிரதி கொடுங்கள், மூலம் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். சாரதி அனுமதிப்பத்திரமும் அப்படியே. ஓட்டும்போது அது உங்களிடம்தான் இருக்க வேண்டும். உழைக்க வருபவரிடம் முதலில் பணம் வாங்கும் நிறுவனம், அவர் விலகும் நாளில் அதைத் திருப்பித் தராமலிருக்க ஒரு கீறலையோ ஒரு தண்டப்பணத்தையோ கண்டுபிடிக்கும். ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே போய், தொகையும் திகதியும் நிறுவன முத்திரையும் உள்ள பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.